தலைக்கு மேலே – 17: மறுநடவு

போன வாரம் முடி நடும் அறைக்குள் என்ன நடக்கிறது என்று எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை நடலாமா, வேண்டாமா என்று கேட்கவில்லை. ஏற்கெனவே நட்டுக்கொண்டவர்கள் எழுதியவை அவை. பணம் கட்டியாயிற்று, மொட்டை அடித்து, மரத்துப்போக ஊசி குத்தி, எட்டு மணி நேரம் குப்புறவும் மல்லாக்கவும் படுத்துக் கிடந்தாயிற்று. கண்ணாடியில் பார்த்தால் சொன்ன முடி வரவில்லை. இன்னொரு முறை செய்துகொள்ளலாமா என்பதுதான் எல்லோருடைய கேள்வியும்.

அதற்கு முன்னால், ஏன் வரவில்லை என்று பார்த்தாக வேண்டும். சிலருக்கு அது வெறும் அவசரம். நட்ட முடி இரண்டாவது வாரத்திலிருந்து கொட்டத் தொடங்கும், ஒன்றிரண்டு மாதத்தில் பெரும்பாலும் போய்விடும். போவது தண்டு மட்டும்தான். மயிர்க்கால் தோலுக்குள் பத்திரமாக இருக்கும். மூன்று நான்கு மாதம் கழித்துப் பூனைமயிராக எட்டிப் பார்த்து, ஓராண்டில்தான் முழுத் தடிமனுக்கு வரும். உச்சந்தலை இன்னும் மெதுவு. ஒன்றரை வருடம்கூட இழுக்கும். ஐந்தாவது மாதத்தில் புலம்பி எழுதியிருக்கும் வாசகர்களுக்கு என் பதில்: பேசாமல் இருங்கள். ஓராண்டு முடியுமுன் இரண்டாவது முறைக்கு நாள் குறிக்கிற இடம் எதுவானாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அவசரக்காரர்களை விட்டுவிட்டால், நான் பார்த்த வரையில் பலருக்கு முதல் நடவு தோற்கவில்லை. நன்றாகவே பிடித்திருக்கிறது. அதுதான் சிக்கல்.

நியூயார்க்கைச் சேர்ந்த தோல் மருத்துவர் நார்மன் ஒரென்ட்ரைக் 1952-ல் பின்மண்டைத் தோலைச் சிறு வட்டங்களாகத் துளைத்தெடுத்து முன்வழுக்கையில் பதித்துப் பார்த்தார். ஜப்பானில் ஷோஜி ஒகுடா 1939-லேயே தீக்காயத் தழும்புகளில் இப்படி முடி பதித்து எழுதி வைத்திருந்தார். உலகப்போர் குறுக்கே வந்ததில் மேற்கே யாருக்கும் அது தெரியவில்லை. ஒரென்ட்ரைக் கண்டது இதுதான்: பிடரி முடியை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் அது பிடரி முடியாகவே நடந்துகொள்கிறது. முன்நெற்றி முடியைச் சுருக்கிச் சாகடிக்கிற டைஹைட்ரோடெஸ்டோஸ்டீரான் ஹார்மோனுக்கு அது மசிவதில்லை. 1959-ல் அவர் கட்டுரை அச்சேறியது. இந்தத் தொழிலின் அஸ்திவாரமே அந்தக் கட்டுரைதான்.

இருபத்தைந்து வயதில் நெற்றியை நிரப்பிக்கொண்டவருக்கு நட்ட முடி அசையாது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற சொந்த முடிக்கு அந்த வரம் கிடையாது. அது தன் போக்கில் பின்வாங்கிக்கொண்டே இருக்கும். முப்பத்தைந்தில் பார்த்தால் நெற்றியோரம் ஒரு பட்டை முடி, அதற்குப் பின்னால் பொட்டல், அதையும் தாண்டினால் மறுபடி முடி. முழு வழுக்கையாவது பார்க்க இயற்கையாக இருக்கும். ரஜினிகாந்த் மேக்கப் இல்லாத தலையோடு மேடையேறும்போது யாருக்கும் உறுத்துவதில்லை. இந்தப் பட்டை முடி உறுத்தும்.

இங்கிலாந்தின் கால்பந்து வீரர் வெய்ன் ரூனி 2011 ஜூனில், தன் 25-வது வயதில், முடி நட்டுக்கொண்டதை ட்விட்டரில் தானே அறிவித்தார். 2013-ல் இரண்டாவது முறை போனார். முதல் முறை காசு தண்டம் என்று பத்திரிகைகள் கேலி செய்தன. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபத்தைந்தில் வழுக்கை அப்போதுதான் கிளம்பியிருக்கும். அது எங்கே போய் நிற்கும் என்று எந்த டாக்டராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வயதில் நடுகிறவர் இரண்டாவது முறையையும் சேர்த்தேதான் ஒப்புக்கொள்கிறார். பணம் கட்டும்போது அதை யாரும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

இரண்டாவது முறைக்குச் சரக்கு எங்கிருந்து வரும்? வயலில் நாற்றங்காலைக் காலி செய்தால் அடுத்த போகத்துக்கு அங்கேயே விதை தெளிக்கலாம். பிடரியில் பிடுங்கிய இடம் பிடுங்கியதுதான், திரும்ப முளைக்காது. ஒன்று முதல் நான்கு முடி வரை சேர்ந்த ஒரு கொத்துதான் கிராஃப்ட். பின்மண்டையில் வெளியே தெரியாமல் ஆயுளுக்கும் எடுக்கக்கூடியது சுமார் 5,000-லிருந்து 6,000 கிராஃப்ட். அடர்த்தி அதிகமிருந்தால் கொஞ்சம் கூடும், குறைந்தால் அதுவும் இல்லை. முற்றிய வழுக்கை சுமார் 200 சதுர சென்டிமீட்டர் பிடிக்கும். சதுர சென்டிமீட்டருக்கு 40 வீதம் நட்டால் 8,000 வேண்டும். முதல் சிட்டிங்கிலேயே 3,000-ஐ நெற்றியில் கொட்டிவிட்டு வந்தவருக்கு மிச்சக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

சென்னையில் மறுநடவுக்கென்றே தேடி வருகிறவர்களைப் பார்க்கும் தோல் மருத்துவர் ஒருவரின் அறையில் ஒரு முற்பகல் உட்கார அனுமதி கிடைத்தது. வந்தவர் திருச்சிக்காரர், வங்கி ஊழியர், 34 வயது. எட்டு வருடம் முன்பு வேறொரு இடத்தில் நட்டுக்கொண்டவர். கையில் ஒரு காகிதம். அதில் 3,200 கிராஃப்ட் என்று எழுதியிருந்தது. உச்சந்தலையை நிரப்பித் தர வேண்டும் என்று கேட்டார்.

டாக்டர் உச்சந்தலைப் பக்கமே போகவில்லை. அவரைத் திரும்பி உட்காரச் சொல்லி, பிடரி முடியைத் தண்ணீர் தெளித்து நனைத்து, வால் சீப்பால் வகிடு வகிடாகப் பிரித்தார். பேனா மாதிரியான ஒரு கேமராவைத் தோலில் ஒட்டி வைத்ததும் திரையில் தலை தெரிந்தது. முடிகளுக்கு நடுவே வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டருக்குள் துளைத்துப் பிடுங்கிய குழி, ஆறி வெளுத்தது. ஒரு சதுர சென்டிமீட்டரைக் கட்டம் கட்டி எண்ணினார். காதுக்கு மேலே, கை வைக்காத இடத்தில், 70 கொத்து. நடுப்பிடரியில் 41.

“ஒரே இடத்துலயே வாரியிருக்காங்க. இனிமே இங்க தொட்டா, மிஷின் போட்டு வெட்டினதும் திட்டுத் திட்டா தெரியும். சைடுல கொஞ்சம் இருக்கு.”

“சைடுல எவ்ளோ வரும் மேடம்?”

“ஆயிரத்தைநூறு. அதுக்கு மேல ஆசைப்படாதீங்க.”

பிறகுதான் முன்பக்கம். நெற்றிக்கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது போல நேராக இருந்தது, கொஞ்சம் கீழேயும் இறங்கியிருந்தது. பிறவி நெற்றிக்கோட்டில் முதல் வரிசை முழுக்க ஒற்றை முடிகள்தான், அதுவும் கோணல்மாணலாக, முன்நோக்கிச் சாய்ந்து முளைத்திருக்கும். இவருக்கு முதல் வரிசையிலேயே இரண்டு மூன்று முடிக் கொத்துகளை நட்டு, அவற்றையும் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். எட்டு வருடமாக முடியை முன்னால் இழுத்துவிட்டு மறைத்துக்கொண்டிருக்கிறார். சீவிய தடம் தெரிகிறது.

டாக்டர் சொன்ன திட்டத்தில் முதல் வேலை நடுவது அல்ல, பிடுங்குவது. முன்வரிசையின் தடித்த கொத்துகளில் நூற்றைம்பது வரை துளைத்தெடுத்து, அவற்றையே பின்னால் தள்ளி நடலாம்; வீணாகாது. அந்த இடத்தில் ஒற்றை முடிகளை ஒழுங்கில்லாமல் போட்டால் கோடு உடையும். நெற்றிக்குப் பின்னாலுள்ள பொட்டலுக்குப் பக்கவாட்டில் எடுப்பது போக, தாடைக்குக் கீழே தாடி முடியிலும் கொஞ்சம் எடுக்கலாம். தாடி முடி தடிமனானது. நடுவில் கலந்தால் நிறைத்துக் காட்டும், முன்னால் வைத்தால் காட்டிக்கொடுத்துவிடும். உச்சந்தலைக்கு ஒன்றும் இல்லை.

அங்கேதான் திருச்சிக்காரரின் முகம் விழுந்தது. அவருக்கு உச்சந்தலைதான் வேண்டியிருந்தது. நம்மூரில் இரட்டைச் சுழிக்காரனுக்கு இரண்டு பெண்டாட்டி என்பார்கள். முடி நடுகிறவருக்கு ஒற்றைச் சுழியே போதும், ஆளை ஓட்டாண்டியாக்கிவிடும். மற்ற இடங்களில் ஒரு முடி அடுத்ததன்மேல் படுத்து மறைக்கும். சுழியில் எல்லாம் நடுவிலிருந்து வெளியே விரிவதால் தோல் அப்படியே தெரியும். எவ்வளவு நட்டாலும் காணாது. தவிர, அந்த வட்டம் வயதோடு அகன்றுகொண்டே போகும். இன்று நடுவில் நட்டால், பத்து வருடத்தில் அதைச் சுற்றி வளையமாக வழுக்கை விழும். முகத்துக்குச் சட்டம் போடுவது நெற்றிதான், இருப்பதை அங்கே செலவழிக்கலாம் என்பது டாக்டரின் கட்சி. எனக்கும் அதுவே சரியென்று பட்டது.

இன்னொன்றும் டாக்டர் கேட்டார். இத்தனை வருடமும் மருந்து ஏதாவது எடுத்தீர்களா? இல்லை. நட்டாயிற்றே, எதற்கு மருந்து என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். ஃபினாஸ்டிரைடு 1992-ல் புராஸ்டேட் வீக்கத்துக்கு வந்து, 1997-ல் 1 மில்லிகிராம் அளவில் வழுக்கைக்கு அனுமதி பெற்ற மாத்திரை. அதுவும் தடவுகிற மினாக்ஸிடிலும் நட்ட முடிக்காக அல்ல, நடாத முடிக்காக. நிறுத்தினால் ஓராண்டில் பலன் போய்விடும். சிலருக்கு ஆசை குறைவது போன்ற பக்கவிளைவுகள் உண்டு என்பதால் டாக்டரிடம் பேசாமல் கடையில் வாங்கி விழுங்குகிற சமாச்சாரமில்லை. வேண்டாமென்கிறவர்களை வற்புறுத்தவும் முடியாது. ஆனால் சொந்த முடி எங்கே நிற்கும் என்று தெரியாமல் அதன் நடுவே நடுவது மறுபடியும் பழைய கதைதான்.

நட்டதே செத்துப்போகிற கேஸ்களும் இருக்கின்றன. துளைக்கும் ஊசிக்கு வெளியே தெரிகிற முடியின் சாய்வுதான் கணக்கு. தோலுக்குள் மயிர்க்கால் வேறு சாய்வில் இருந்தால் வேரோடு வராமல் நடுவே வெட்டுப்படும். பிடுங்கிய கொத்து காய்ந்தாலும் போயிற்று. அமெரிக்க மருத்துவர் பாபி லிம்மர் இதைச் சோதித்திருக்கிறார்: எடுத்த இரண்டு மணி நேரத்துக்குள் நட்டதில் நூற்றுக்குச் சுமார் 95 பிழைத்தன, ஒரு நாள் முழுக்க வெளியே வைத்திருந்ததில் 79. ஆக, நேரத்தைவிடக் கை முக்கியம். ஒரே நாளில் பல தலைகளை எடுத்துக்கொண்டு, டெக்னீஷியன்களை விட்டுப் பிடுங்கி நடச் சொல்கிற இடங்களில் எந்தக் கை உங்கள் தலையில் என்று யாருக்குத் தெரியும்?

2016-ல் சென்னையில் முடி நடப்போன மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் இறந்தே போனார். சலூன் உரிமத்தை வைத்துக்கொண்டு நடந்த இடம் அது என்று பிறகு தெரிந்தது. தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், முறையான அறுவைப் பயிற்சி பெற்ற மருத்துவர்தான் இதைச் செய்யலாம், பட்டறையிலோ யூட்யூபிலோ பார்த்துக் கற்றது பயிற்சி ஆகாது என்று எழுத வேண்டியிருந்தது. யூட்யூப் என்று பெயர் சொல்லி எழுதும் அளவுக்கு நிலைமை.

கை நன்றாக இருந்தும் செத்தால் தோலைச் சந்தேகிக்க வேண்டும். லைக்கன் பிளானோபைலாரிஸ் என்றொரு நோய் மயிர்க்காலைத் தழும்பாக்கி அழிக்கும். பார்வைக்குச் சாதாரண வழுக்கையாகத் தெரியும். அது ஓயாத தலையில் நட்டால் நட்டதையும் தின்றுவிடும். காரணம் தெரியாத தோல்விக்குப் பிறகு மறுநடவுக்கு முன் சிறு துண்டுத் தோல் எடுத்து பயாப்ஸி பார்க்கச் சொன்னால், பணம் பிடுங்குகிறார்கள் என்று நினைக்காதீர்கள்.

பாடகர் எல்டன் ஜான் எழுபதுகளில் பாரிஸுக்குப் போய் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நட்டுக்கொண்டவர். பெரிய வட்டமாகத் துளைத்தெடுக்கிற காலம் அது. வலித்தது, நிற்கவில்லை. வருடக்கணக்கில் தொப்பியாகப் போட்டுப் பார்த்து, கடைசியில் டோப்பாவுக்கு வந்து சேர்ந்தார். 2019-ல் வந்த சுயசரிதையில் இதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். காசுக்குப் பஞ்சமில்லாத மனிதர். டோப்பாவை நான் தோல்வியில் சேர்க்க மாட்டேன். பின்மண்டை தீர்ந்தவர்களுக்கு அதுவும், மொட்டைத் தலையில் புள்ளி புள்ளியாக மை குத்தி நிழல் காட்டுகிற முறையும் இருக்கின்றன.

திருப்தி இல்லாதவர்களுக்குச் சில இடங்களில் இரண்டாவது சிட்டிங் இலவசம் என்கிறார்கள். திருச்சிக்காரருக்கும் அந்தப் பழைய இடத்திலிருந்து அப்படி ஓர் அழைப்பு வந்திருந்தது. டாக்டர் அதைக் கேட்டுச் சிரித்தார். “கூலிதான இலவசம்? முடி உங்களுது.”

திருச்சிக்காரருக்கு வேறொரு அவசரமும் இருந்தது. “ஆவணியில கல்யாணம் மேடம். இப்ப மாசி. அதுக்குள்ள முடிச்சிரலாமா?”

“நாளைக்கே பண்ணினாலும் ஆவணிக்கு ஆறு மாசம்தான் ஆகும். பாதி முளைச்சு பாதி முளைக்காம போட்டோல நிப்பீங்க. மாத்திரைய இப்ப ஆரம்பிக்கலாம். கல்யாணத்துக்குக் கருப்பு பவுடர் தூவிக்கங்க, போதும். பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?”

“அவங்களுக்குத் தெரியும். மாமனாருக்குத்தான் தெரியாது.”

“அவருக்கு முடி இருக்கா?”

“சுத்தமா இல்ல மேடம்.”

“அப்ப பயப்படாதீங்க” என்று சொல்லிவிட்டு, டாக்டர் அவரை ஜன்னலோரம் நிறுத்தி, முன்னால், பின்னால், இரண்டு பக்கமும், உச்சியிலிருந்தும் போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த மாசியில் இதே ஜன்னலில், இதே வெளிச்சத்தில் மறுபடி எடுத்துப் பார்த்துவிட்டு நாள் குறிக்கலாம் என்றார்.