இல்லத்துப் பூச்சிகள்

மனிதன் தனக்கெனக் கட்டிக்கொண்ட வீட்டில் அவன் மட்டும் வாழ்வதில்லை. குதிரில் உள்ள தானியத்தை வண்டு நாடுகிறது. உத்திரத்தைச் செல் நாடுகிறது. தொட்டி நீரைக் கொசு நாடுகிறது. இவை பகைமை கொண்டு வருவன அல்ல. உணவும் ஈரமும் இருளும் எங்கே கிடைக்கின்றனவோ, அங்கே வருகின்றன. ஆதலின், இவற்றை அகற்ற விரும்புவோர் முதற்கண் அறியவேண்டுவது நஞ்சின் பெயரன்று. இவை பிறந்து வளர்ந்து பெருக எத்தனை நாள் ஆகின்றன என்பதே ஆகும். அந்நாள் கணக்கை அறிந்தவர்க்குச் செலவு மிகுதியும் வேண்டுவதில்லை.

இராமநாதபுரக் கடற்கரை இதற்குத் தக்க சான்றாக விளங்குகிறது. அது மணற்பாங்கான நிலம், மழை குறைவு. மணலில் ஊற்றுத் தோண்டி, ஊறிவரும் நன்னீரைக் கொட்டாங்கச்சியால் முகந்து முகந்து குடத்தை நிரப்பும் பெண்களை அங்குள்ள சிற்றூர்களில் காணலாம். அவ்வாறு அரிதிற் பெற்ற நீரை யார் வீணாக்குவர்? குடத்திலும் அண்டாவிலும் சிமெண்டுத் தொட்டியிலும் பல நாள் சேமித்து வைப்பர். அந்தச் சேமிப்பே கொசுவிற்குத் தொட்டிலாகி விடுகிறது. மலேரியா நோய்க்குக் காரணமான நுண்ணுயிர் கொசுவின் உடலில் வளர்தலை, சர் ரொனால்டு ராஸ் என்பவர் 1897-ஆம் ஆண்டு செகந்தராபாத்தில் கண்டறிந்தார். இராமேசுவரத் தீவை அந்நோய் நெடுங்காலம் வருத்தியது. அங்குச் சவுக்கங்கன்றுகளுக்கு நீர் ஊற்றுவதற்காக மணலில் தோண்டப்பட்ட சிறு குழிகளில் அந்நோயைப் பரப்பும் கொசுக்கள் பெருகுதலை ஆராய்ச்சியாளர் கண்டனர். மரம் வளர்க்கத் தோண்டிய குழியே நோயையும் வளர்த்தது!

கொசு முட்டையிலிருந்து புழுவாகி, கூட்டுப்புழுவாகிப் பின் சிறகு பெற்றுப் பறப்பதற்கு வெப்பமான நாடுகளில் ஏறத்தாழ ஏழு முதல் பத்து நாள் ஆகும். புழுவும் கூட்டுப்புழுவும் நீரை விட்டு நீங்கி வாழமாட்டா. ஆகவே, வாரத்திற்கு ஒருமுறை கலங்களை வெறுமையாக்கிக் காயவைப்பின், அவ்வாரத்துப் புழுக்கள் எல்லாம் பறக்குமுன்னரே மடியும். ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. டெங்குக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிசு என்னும் கொசு, நீர்மட்டத்திற்குச் சற்று மேலே கலத்தின் உட்சுவரில் முட்டைகளை ஒட்டி வைக்கிறது. அவை நீரின்றிப் பல மாதம் கிடந்தும் அழியா. மீண்டும் நீர் பட்டவுடன் பொரிக்கும். எனவே, குடத்தைக் கவிழ்த்துவிட்டால் போதாது. தேங்காய் நாரால் உட்புறத்தை அழுத்தித் தேய்த்தல் வேண்டும். வாரத்தில் ஒரு நாள் குடங்களைப் புளியிட்டு விளக்கி வெயிலில் கவிழ்த்து வைத்த பாட்டிமார் ஏடிசு என்னும் பெயரைக் கேட்டதில்லை; எனினும் அவர்கள் கை அதன் முட்டையைத் துடைத்தெறிந்தது. கொட்டிவிட இயலாத நீராயின், கலத்தின் வாயை மெல்லிய துணியால் இடைவெளியின்றி இறுகக் கட்டுதல் நன்று.

கிணறுகளில் புழுவை உண்ணும் மீன்களை விடுதலும் ஒரு முறையாகும். கம்பூசியா என்னும் அயல்நாட்டு மீன் 1928-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொண்டுவரப்பட்டது. அது கிணற்றுக்குள் அடங்கியிருக்கும் வரை நன்மை செய்யும். குளங்களிலும் கண்மாய்களிலும் புகுந்துவிட்டாலோ, நாட்டு மீன்களின் முட்டைகளையும் குஞ்சுகளையும் உண்டு கேடு விளைக்கும்.

நஞ்சின் வரலாற்றையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். டி.டி.டி. பூச்சிகளைக் கொல்லும் என்பதைப் பவுல் முல்லர் 1939-இல் கண்டறிந்து, 1948-இல் நோபல் பரிசு பெற்றார். இந்தியாவில் 1953-இல் தொடங்கிய மலேரியாத் தடுப்புத் திட்டத்தில் அம்மருந்து வீடுதோறும் தெளிக்கப்பட்டது. ஆண்டுக்கு ஏழரைக் கோடி மக்களைப் பற்றியதாகக் கணக்கிடப்பட்ட நோய், 1965-இல் ஏறத்தாழ ஒரு லட்சம் பேர் அளவிற்குக் குறைந்தது. இஃது எளிய வெற்றியன்று. ஆனால் கொசுக்களுள் நஞ்சைத் தாங்கி உயிர் பிழைத்தவை பெருகின. மக்களின் விழிப்பும் தளர்ந்தது. 1976-இல் நோயுற்றோர் தொகை 64 லட்சத்தைத் தாண்டிற்று. மண்ணிலும் நீரிலும் அந்நஞ்சு நெடுநாள் அழியாது தங்குதலும் தெரியவந்தது. உழவுத் தொழிலில் அதனைப் பயன்படுத்தல் இந்தியாவில் 1989-இல் தடை செய்யப்பட்டது.

இனித் தானியத்தைக் காண்போம். அரிசிக் கூன்வண்டு தன் கூரிய மூக்கால் மணியைத் துளைத்து, அதனுள் முட்டையிட்டு, துளையைப் பசையால் மூடிவிடுகிறது. அதனாற்றான் நேற்றுத் தூய்மையாகத் தோன்றிய அரிசியில் இன்று வண்டு ஊர்தலைக் கண்டு மக்கள் வியக்கின்றனர். முட்டை வண்டாவதற்கு ஏறத்தாழ ஒரு திங்கள் ஆகும். ஆகவே திங்களுக்கு ஒருமுறையேனும் தானியத்தைப் பாயில் பரப்பிக் கடும் வெயிலில் காயவைத்தல் வேண்டும். ஈரம் குறைந்த மணியில் வண்டு செழிப்பதில்லை. காய்ந்ததைச் சூடு ஆறிய பின்னரே கலத்தில் இடுக. சூட்டோடு மூடினால் உள்ளே வியர்த்து ஈரம் சேரும். பயற்று வண்டின் செயல் வேறு. அது முட்டையை மணியின் மேற்புறத்தில் ஒட்டுகிறது. விதைப் பயற்றில் சிறிது எண்ணெய் தடவினால் அம்முட்டை மூச்சடைத்து அழியும். முழுத் துவரையைச் செம்மண் குழம்பில் தோய்த்து உலர்த்தி வைக்கும் தென்னாட்டு வழக்கமும் இத்தகையதே. கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் துளைகள் இட்ட குழாய் ஒன்றை அமைத்துள்ளனர். அதனைத் தானியத்துள் செருகி வைத்தால், காற்றை நாடி வரும் வண்டுகள் துளைவழியே நுழைந்து அடியிலுள்ள கிண்ணத்தில் வீழும். அதில் நஞ்சு சிறிதும் இல்லை.

எறும்பிற்கு உறியும், நீர் நிரப்பிய கிண்ணத்துள் நிறுத்திய மேசைக் காலும் போதும்.

வேம்பின் பெருமை யாவரும் அறிந்தது. 1959-இல் சூடான் நாட்டில் வெட்டுக்கிளிக் கூட்டம் பசுமையனைத்தையும் தின்று, வேப்பமரத்தை மட்டும் தீண்டாது சென்றதைச் செருமானிய அறிஞர் சுமுத்தரர் கண்டார். அதன் விதையிலுள்ள அசாடிராக்டின் என்னும் பொருள் 1968-இல் பிரித்தெடுக்கப்பட்டது. அது பூச்சியின் பசியைக் கெடுத்து, தோலுரித்து வளர்தலையும் தடுக்கிறது. ஆயின் விதைக்குள்ள ஆற்றல் இலைக்கு இல்லை. உலர்ந்த இலை பூச்சியை விலக்குமேயன்றிக் கொல்லாது. மணம் நீங்கியதும் மாற்றுதல் வேண்டும். வேப்பிலைப் புகையோ கொசுவைச் சிறிது பொழுது விரட்டும். அடைத்த அறையில் குழந்தைகளின் கண்ணையும் மார்பையும் வருத்தும். அதனைப் பழமை என்னும் காரணத்தால் மட்டும் போற்றுதல் தகாது.

தமிழ் நூல்கள் ஓலைச்சுவடியில் இருந்த காலத்தில் வேப்பிலையும் வசம்பும் ஏட்டுப் பெட்டியில் இடம் பெற்றன. எனினும் அவற்றைக் காத்தது மருந்து மட்டுமன்று. அடிக்கடி அவிழ்த்துப் படித்தலும், துடைத்து எண்ணெய் பூசுதலும், பழுதுற்ற ஏட்டைப் புதிதாகப் படியெடுத்தலுமே ஆகும். கட்டவிழ்க்கப்படாத சுவடிகளைச் செல் தின்றது. அவ்வாறு சிதைந்த ஏடுகளைக் கண்டு வருந்தியதை உ. வே. சாமிநாதையர் தம் எழுத்துகளில் குறித்துள்ளார். பாஸ்கர சேதுபதியின் உறவினரான பாண்டித்துரைத் தேவர் 1901-இல் மதுரைத் தமிழ்ச்சங்கத்தை நிறுவியபோது, எஞ்சிய ஏடுகளைத் தேடித் தொகுத்தலையும் அதன் பணிகளுள் ஒன்றாகக் கொண்டார். செல் அரித்தவற்றை எச்சங்கத்தாலும் மீட்க இயலவில்லை. செல் மண்ணாலாகிய குழாய்ப்பாதை அமைத்தே சுவரில் ஏறும். அதனைக் கண்டவுடன் உடைத்து, அது வரும் வெடிப்பை அடைத்து, அருகிலுள்ள கசிவையும் நிறுத்துதல் வேண்டும்.

நாள் கணக்கு மிகக் குறுகியது கருவாட்டில்தான். பாம்பன், மண்டபம் முதலிய ஊர்களில் மீன் உலர்த்தும் குடும்பங்கள் பல. ஈரமீனில் ஈ இடும் முட்டை ஒரு நாளைக்குள் பொரித்துப் புழுவாகும். அதற்கு அஞ்சி, வங்கதேசம் முதலிய நாடுகளில் சிலர் மீன்மீது பூச்சிமருந்து தெளித்தனர். அந்நஞ்சு உண்பவர் வயிற்றையே அடையும். செய்யவேண்டுவது விரைவு ஒன்றே. கரையேறிய மீனை உடனே குடல் நீக்கிக் கழுவி, போதிய உப்பிட்டு, மணலில் பரப்பாமல் காற்றோட்டமான பரணில் வலைமூடி உலர்த்தினால், முதல் நாளிலேயே மேற்புறம் காய்ந்து ஈ அமர்வதற்கு ஈரம் இராது. மூங்கிற் கழியும் பழைய வலையும் மீனவர் வீட்டில் உள்ளனவே. பரணில் உலர்ந்த கருவாட்டில் மணலும் ஒட்டாது. அது சந்தையில் நல்ல விலையும் பெறும்.