இரண்டு கிலோ திரை

திருப்பூரில் பின்னல் துணியை மீட்டர் கணக்கில் கேட்டால் வெளியூர் ஆள் என்று கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். இங்கே துணிக்கு எடைதான் கணக்கு. ஆகவே முதலிபாளையத்தில் ஒருவர் தன் மாடி அறையைத் தானே ஹோம் தியேட்டராக மாற்ற இறங்கினால், சினிமாத் திரையையும் கிலோவில்தான் வாங்குவார். 100 அங்குலத் திரைக்கு இரண்டு கிலோ.

புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் வாங்குகிறவர்கள் அறையை மறந்துவிடுகிறார்கள். 16 அடி நீளம், 11 அடி அகலம், 10 அடி உயரமுள்ள வெற்று அறையில் ஒருமுறை கை தட்டிப் பாருங்கள். காங்கிரீட்டும் பூச்சும் டைல்ஸும் தம்மேல் மோதும் ஒலியில் நூற்றில் இரண்டு மூன்று பங்கைத்தான் விழுங்கும். மிச்சம் திரும்பி வரும். கணக்குப்படி ஒலி அடங்க மூன்று, நான்கு விநாடி ஆகும். ஒரு சொல் அடங்குவதற்குள் ஏழெட்டுச் சொல் அதன்மேல் ஏறிவிடும்.

இந்தக் கணக்கைத் தந்தவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன். அங்கே ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு 5 விநாடிக்கு மேல் முழங்கிக்கொண்டிருந்தது. சரிசெய்யும் வேலை 1895இல் அவரிடம் வந்தது. பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து பரப்பினார். ஓர் ஆர்கன் குழாயை ஒலிக்கவிட்டு நிறுத்தி, சத்தம் காதுக்கு மறையும் நேரத்தை அளந்தார். மெத்தை கூடக்கூட நேரம் குறைந்தது. அறையின் கன அளவை, ஒலி விழுங்கும் பரப்பால் வகுத்து 0.161ஆல் பெருக்கினால் விநாடி வரும். நம் அறை 50 கன மீட்டர். 0.4 விநாடியில் அடங்க வேண்டுமானால் 20 சதுர மீட்டர் விழுங்கும் பரப்பு தேவை. சோபா, பவானி ஜமக்காளம், உட்காரும் ஆட்கள் என்று ஒரு பங்கு கழிந்துவிடும்.

மீதிக்குச் சபைன் மெத்தை கடன் வாங்கினார். இங்கே அது கட்டிங் மேசைக்கு அடியிலேயே கிடக்கிறது. பனியன் கட்டிங் வேஸ்டைக் கிழித்துப் பஞ்சாக்கி மறுபடி நூல் நூற்கிறார்கள். அந்தப் பஞ்சுதான் நமக்கு வேண்டும். 4க்கு 2 அடி, 4 அங்குல ஆழமுள்ள மரச்சட்டத்துக்கு மூன்று கிலோ பஞ்சு, மேலே சிங்கிள் ஜெர்சித் துணி. இப்படிப் பத்துப் பன்னிரண்டு. நாருக்குள் அசையும் காற்று உராய்ந்து ஒலி வெப்பமாகிறது. சுவரை ஒட்டிய காற்று அசையாது என்பதால் சட்டத்தைச் சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி மாட்டவேண்டும். எங்கே மாட்டுவது? ஒருவர் சோபாவில் உட்கார, இன்னொருவர் சுவரோரம் கண்ணாடியை நகர்த்தட்டும். கண்ணாடியில் ஸ்பீக்கர் தெரியும் இடமெல்லாம் ஆணி அடிக்கவேண்டிய இடம். முட்டை அட்டை ஒட்டும் வழக்கத்தை விட்டுவிடலாம். அதில் அழகும் இல்லை, பயனும் சொற்பம்.

அடிநாதம் வேறு கதை. 35 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் 10 மீட்டர். நான்கு அங்குலப் பஞ்சு அதற்குக் கொசுவலை. மூலைகளில் தரையிலிருந்து கூரைவரை பஞ்சு மூட்டைகளை அடுக்கினால் கொஞ்சம் அடங்கும்.

பஞ்சு குடோன் தீயைப் பார்த்த ஊருக்கு அடுத்ததைச் சொல்லத் தேவையில்லை. பஞ்சை வெண்காரமும் போரிக் அமிலமும் கரைத்த நீர் தெளித்து, நன்றாக உலர்த்திய பிறகே அடைக்கவேண்டும். பூச்சியும் வராது. ஆம்ப்ளிஃபையர், வயர் இணைப்புகள் பக்கம் மூட்டை இருக்கவே கூடாது.

இவ்வளவு துணி மாட்டியும் பக்கத்து நிட்டிங் மெஷின் சத்தம் கேட்டால் பஞ்சைக் குறைசொல்லாதீர்கள். உள்ளே முழங்குவதை அடக்குவது பஞ்சு. வெளியிலிருந்து வருவதைத் தடுப்பது கனம். 9 அங்குலச் செங்கல் சுவர் தடுக்கும். கதவிடுக்கு விட்டுவிடும்: கதவுப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு சந்து இருந்தாலே தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. நான்கு ஓரமும் ரப்பர் பட்டை ஒட்டுங்கள்.

இனி திரை. தியேட்டரில் வசனம் நடிகரின் வாயிலிருந்தே வருவதுபோல் இருப்பதற்குக் காரணம், ஓட்டையிட்ட திரைக்குப் பின்னால் ஸ்பீக்கர் இருப்பது. நெய்த துணியில் பாவும் ஊடும் நெருங்கி நிற்கும். பின்னல் துணி கண்ணிகளால் ஆனது, இழுத்தால் துளை விரியும். லைக்ரா கலந்த வெள்ளை ஜெர்சியைச் சட்டத்தில் இழுத்து அடித்தால் சுருக்கமில்லாத திரை, ஒலிக்கும் வழி. பின்னால் கறுப்பில் இன்னொரு அடுக்கு. துளை வழியே போன வெளிச்சம் திரும்பி வராது. உங்கள் இருக்கை 10 அடி தள்ளி இருக்கட்டும்.

ஒரு தொல்லை உண்டு. ஃபுல் ஹெச்டி படத்தில் ஒரு பிக்சல் இந்தத் திரையில் ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 24 கேஜ் துணியின் கண்ணியும் ஏறக்குறைய அந்த அளவுதான். இரண்டு வரிசையும் மோதி, படத்தில் அலை அலையாகக் கோடு ஓடும். துணியை 10 டிகிரி சாய்த்து அடித்தால் அது மறையும். 49 அங்குல உயரத் திரைக்குச் சாய்த்த துணி 64 அங்குலம் கேட்கும், மடித்தடிக்க எட்டு. ஆக 72 அங்குல அகலத்தில் கேட்டு வாங்குங்கள். வாங்குமுன் துணியை உதட்டில் வைத்து ஊதுங்கள், மூச்சு தடையில்லாமல் போகவேண்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார்.