இரண்டு தப்பு, ஒரு சரியான வேகம்

கணினித் திரையில் ஒரு போயிங் 737-800 பறக்கிறது. உயரம் 35,000 அடி. வேகம், ஒலியின் வேகத்தில் 0.78 பங்கு. நிஜ விமானமும் ஏறத்தாழ இப்படித்தான் பறக்கும். அதற்காக, இந்த மாதிரியைச் செய்தவருக்கு உடனே மாலை போட்டுவிட வேண்டாம்.

ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பறக்கும்போது இன்ஜினின் உந்துவிசையும் காற்றின் இழுவையும் சமம். வேகமானி சொல்வது அவ்வளவுதான். இழுவையை இரு மடங்காக எழுதி, உந்துவிசையையும் இரு மடங்காக்கினால் முள் அதே 0.78-இல்தான் நிற்கும். நடுவில் இரண்டு இடத்தில் தப்புப் போட்டும் விடை சரியாக வந்துவிட்ட கணக்கு நோட்டு மாதிரி.

குட்டு உடைவது இறங்கும்போது. 1,000 அடி இறங்க 3 கடல்மைல் வேண்டும் என்பது விமானிகளின் மனக்கணக்கு. இழுவை கூடிப்போன மாதிரி விமானம், விசையைக் குறைத்ததும் கல்லாக விழும். இழுவை குறைந்திருந்தால் ஓடுதளம் கீழே வந்த பிறகும் மிதந்துகொண்டிருக்கும்.

ஆகவே, இழுவையைத் தனியாகப் பிடிக்க வேண்டுமானால் முதலில் இன்ஜின்களை அணைத்துவிட வேண்டும். அப்போது முன்னே போன தூரத்தை, இழந்த உயரத்தால் வகுத்தால் தூக்குவிசைக்கும் இழுவைக்கும் உள்ள விகிதம் வந்துவிடும். ஜெட் பயணி விமானங்களுக்கு இது சுமார் 17. வேண்டாத வகையில் இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். 2001 ஆகஸ்ட் 24 அன்று டொராண்டோவிலிருந்து லிஸ்பன் போன ஏர் டிரான்சாட் ஏ330 விமானத்தில், எரிபொருள் கசிந்து இரண்டு இன்ஜின்களும் நின்றன. அஸோரஸ் தீவுகளிலுள்ள லாஜஸ் விமானத் தளம் அப்போது 65 கடல்மைல் தொலைவில். அங்கே போய்ச் சேர்ந்தபோது உயரம் மிஞ்சியிருந்ததால், கேப்டன் ராபர்ட் பிஷே ஒரு முழு வட்டம் அடித்த பிறகே இறக்கினார். 306 பேரும் பிழைத்தார்கள்.

ஃப்ளைட்கியர் சிமுலேட்டர் பயன்படுத்தும் ஜேஎஸ்பிசிம் நிரலில் இழுவையைப் பகுதி பகுதியாக எழுதலாம். உடலின் வடிவமும் உராய்வும் தருவது ஒன்று. தூக்குவிசைக்காகக் கட்டும் வரி இன்னொன்று. தூக்குவிசைக் குணகத்தின் வர்க்கத்தோடு வளர்வதால், பாரமாகவும் மெதுவாகவும் பறக்கையில் இதுதான் கழுத்தை நெரிக்கும். மூன்றாவது, ஒலியின் வேகத்தை நெருங்கும்போது திடீரென எகிறுவது. இதைச் சேர்க்க மறந்தால், 0.82-ஐத் தாண்டக்கூடாத 737 கூச்சமே இல்லாமல் தாண்டிப் போகும். காக்பிட்டின் ஒவ்வொரு திருகாணியையும் வரைந்தவர்கள்கூட இதில் கோட்டை விடுகிறார்கள்.

இழுவை நிலைத்த பிறகுதான் உந்துவிசை. 65 டன் எடை, விகிதம் 17 என்று வைத்தால், மொத்த இழுவை சுமார் 37,500 நியூட்டன். இன்ஜினுக்கு 18,750. இதே இன்ஜின் தரையிலிருந்து கிளம்பும்போது தருவது ஏறத்தாழ 1,17,000 நியூட்டன். மேலே காற்றின் அடர்த்தி தரைமட்டத்தில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. உயரம் கூடக்கூட விசை சரிவதை அட்டவணையில் எழுதாவிட்டால் பயணி விமானம் போர் விமானமாகப் பாய்ந்து ஏறும்.

கடைசியாக எரிபொருளைப் பாருங்கள். மேற்சொன்ன நிலையில் மணிக்குச் சுமார் 2,400 கிலோ ஆக வேண்டும். திரையில் 3,500 என்று காட்டினால், இழுவையில் மறுபடி கை வைக்காதீர்கள். இன்ஜின் கோப்பில் எரிபொருள் விகிதத்தை மட்டும் திருத்துங்கள்.