தேங்காய்த் தண்ணீரில் வினிகர்: காற்றும் கணக்கும் முக்கியம்

காங்கயம், பொள்ளாச்சி பகுதி கொப்பரைக் களங்களில் தேங்காய் உடைக்கும்போது முற்றிய காய்த் தண்ணீர் பெரும்பாலும் வாய்க்காலில்தான் ஓடுகிறது. மண்ணில் தேங்கினால் புளித்து நாற்றமடிக்கும். இதே தண்ணீரை வினிகராக மாற்றி விற்கலாம். ஆனால், 'வைத்தால் தானாகப் புளிக்கும்' என்று விட்டுவிட்டால் தரம் கிடைக்காது.

வினிகர் இரண்டு கட்டங்களில் உருவாகிறது. முதலில் ஈஸ்ட், சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றும். இதற்குக் காற்று தேவையில்லை. அடுத்து அசிட்டோபாக்டர் பாக்டீரியா, காற்றிலுள்ள ஆக்சிஜனைக் கொண்டு ஆல்கஹாலை முதலில் அசிட்டால்டிஹைடாகவும், பிறகு அசிட்டிக் அமிலமாகவும் மாற்றும்.

100 கிராம் சர்க்கரையிலிருந்து அதிகபட்சம் 66 கிராம் அமிலம்தான் கிடைக்கும். முற்றிய காய்த் தண்ணீரில் சர்க்கரை 2 முதல் 3 சதவீதமே உள்ளது. அப்படியே புளிக்க வைத்தால் அமிலம் 2 சதவீதத்தைத் தாண்டாது. புளிக்க வைத்துத் தயாரிக்கும் வினிகரில் குறைந்தது 3.75 சதவீதம் அமிலம் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு விதி. எனவே, 100 லிட்டருக்குச் சுமார் 8 கிலோ சர்க்கரை சேர்க்க வேண்டும்.

செய்முறை: தண்ணீரை வடிகட்டி, சர்க்கரை சேர்த்துக் கொதிக்க வைத்து ஆற விடவும். 100 லிட்டருக்கு 100 முதல் 150 கிராம் ஈஸ்ட் கலந்து, வாயு வெளியேற வழிவிட்டு மூடி, ஒரு வாரம் வைக்கவும். நுரை அடங்கியதும் தெளிவை மட்டும் இறுத்து, ஐந்தில் ஒரு பங்கு தாய் வினிகர் சேர்க்கவும். அகன்ற வாய்ப் பாத்திரத்தில் முக்கால் அளவு ஊற்றி, துணியால் வாய் கட்டி, ஆடாமல் நிழலில் வைக்கவும். கண்ணாடி அல்லது உணவுத் தரப் பிளாஸ்டிக் ஏற்றது. அலுமினியம், செம்பு, இரும்பை அமிலம் அரிக்கும்.

வாசனையைக் கவனியுங்கள். ஆல்கஹாலும் அமிலமும் சேர்ந்து, தண்ணீரை விட்டு, எஸ்டர் உண்டாகும். இது சிறிதளவு இருந்தால் பழ மணம். நகப்பூச்சு வாடை தூக்கலாக வந்தால் எத்தில் அசிட்டேட் மிகுந்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கும். அதைத் தாய் வினிகராகப் பயன்படுத்த வேண்டாம்.

அமிலத்தை அளப்பதும் எளிது. 10 மில்லி வினிகரில் பினாப்தலின் இரு சொட்டு விட்டு, 0.5 நார்மல் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலைச் சொட்டுச் சொட்டாகச் சேர்க்கவும். இளஞ்சிவப்பு நிலைக்கும்போது செலவான மில்லியை 0.3 ஆல் பெருக்கினால் அமில சதவீதம். 12.5 மில்லிக்குக் குறைந்தால் விற்பனைக்கு ஆகாது.

அமிலம் 4 சதவீதத்தைத் தாண்டி, ஏறாமல் நின்றதும் தாமதிக்காதீர்கள். ஆல்கஹால் முழுதும் தீர்ந்தால் பாக்டீரியா அமிலத்தையே எரித்துத் தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் ஆக்கிவிடும், புளிப்பு இறங்கும். அடுத்த முறைக்குத் தாய் வினிகரை எடுத்து வைத்துவிட்டு, மீதியை வடிகட்டி, 65 டிகிரி செல்சியஸில் அரை மணி நேரம் சூடாக்கி, பாட்டிலில் கழுத்து வரை நிரப்பி மூடுங்கள்.

விற்பனைக்கு உணவுப் பாதுகாப்பு உரிமம் அவசியம். இடைக்கட்டத்தில் ஆல்கஹால் உருவாவதால், மதுவிலக்குத் துறை அனுமதி பற்றியும் முன்கூட்டியே கேட்டுத் தெளியுங்கள். பயிற்சிக்குத் தென்னை வளர்ச்சி வாரியத்தையோ அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம். முதலில் 10 லிட்டரில் செய்து பார்த்த பிறகு பெரிய தொட்டிக்குப் போங்கள்.