பழைய டீ செட் வாங்கப் போகிறீர்களா?

மதுரையிலிருந்து காரைக்குடி ஏறத்தாழ 90 கிலோமீட்டர். காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. மரத்தூண், கண்ணாடிப் படம், எனாமல் அடுக்கு இவற்றுக்கு நடுவே பூப்போட்ட டீ செட் ஒன்று உங்கள் கண்ணில் படுகிறது. "நூறு வருஷத்துச் சாமான்" என்கிறார் கடைக்காரர். நம்பலாமா, எதைப் பார்த்து வாங்குவது, வாங்கினால் அதில் டீ குடிக்கலாமா என்ற கேள்விகளுக்கு ஒவ்வொன்றாகப் பதில் பார்ப்போம்.

இவை இங்கே எப்படி வந்தன?

நகரத்தார் பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து தொழில் செய்தவர்கள். இங்கிலாந்து, ஜெர்மனி, ஜப்பான் பீங்கானும் சுவீடன் எனாமல் பாத்திரமும் அவர்களுடன் ஊர் வந்து சேர்ந்தன. கல்யாணத்தில் பெண்ணுக்குச் சாமான் பரப்பும்போது இவற்றுக்கும் இடம் இருந்தது. பரப்பியவற்றில் பல அடுக்களைக்கே போகாமல் அறையில் பூட்டிக் கிடந்தன. பின்னால் வீடுகள் பங்கு பிரிந்தும் இடிபட்டும் போனபோது அவை கடைக்கு வந்தன. புழங்காத செட்டுகூட இன்றைக்குக் கிடைப்பதற்கு இதுதான் காரணம்.

முதலில் எதைத் தீர்மானிக்க வேண்டும்?

தினமும் குடிக்கவா, அலமாரியில் அழகுக்கு வைக்கவா என்பதைக் கடைக்குப் போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். அழகுக்கு என்றால் சின்னக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். குடிக்க என்றால் வயதைவிடப் பழுதில்லாமல் இருப்பதே முக்கியம்.

ஒரு செட்டில் எத்தனை உருப்படி இருக்க வேண்டும்?

ஆறு கோப்பை, ஆறு சாஸர், மூடியோடு டீ பாட், பால் குடுவை, சர்க்கரைக் கிண்ணம். மொத்தம் 15. பலகாரத்துக்கு ஆறு சின்னத் தட்டுகளும் சேர்ந்தால் 21. எண்ணிப் பார்த்துவிட்டு, எல்லாவற்றின் பூவும் நிறமும் முத்திரையும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இரண்டு மூன்று செட்டின் மிச்சத்தைச் சேர்த்து ஒன்றாக விற்பதும் உண்டு. உதிரி என்று தெரிந்தே வாங்கினால் தவறில்லை. ஆனால் முழு செட்டின் விலையைக் கொடுக்காதீர்கள்.

"நூறு வருஷம்" என்பதை எப்படிச் சரிபார்ப்பது?

கோப்பையைக் கவிழ்த்து அடியைப் பாருங்கள். அங்கே இருக்கும் முத்திரை (செய்த கம்பெனி, நாடு ஆகியவற்றின் அச்சு) பெரும்பாலும் காலத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். தங்கள் நாட்டுக்குள் வரும் சரக்கில் அது எந்த நாட்டில் செய்யப்பட்டது என்ற பெயர் இருக்க வேண்டும் என்று அமெரிக்கா 1891 முதல் சட்டத்தை அமல்படுத்தியது. அதன் பிறகு நாட்டின் பெயரை அச்சிடுவது பரவலாயிற்று. ஆகவே "இங்கிலாந்து" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் 1891-க்குப் பிந்தியது. "மேட் இன் இங்கிலாந்து" என்றிருந்தால் பொதுவாக 20-ஆம் நூற்றாண்டுச் சரக்கு.

ஜப்பான் செட்டில் "நிப்பான்" என்றிருந்தால் பெரும்பாலும் 1921-க்கு முந்தியது. அந்த ஆண்டு முதல் "ஜப்பான்" என்றே எழுத வேண்டும் என்று அமெரிக்கச் சுங்கத்துறை சொல்லிவிட்டது. "மேட் இன் ஆக்குபைடு ஜப்பான்" என்றிருந்தால், இரண்டாம் உலகப் போரில் தோற்ற ஜப்பான் அந்நியப் படைகளின் பிடியில் இருந்த காலத்தைச் சேர்ந்தது. 1952-இல் அந்தக் காலம் முடிந்தது. "செக்கோஸ்லோவாக்கியா" என்ற நாடு பிறந்ததே 1918-இல்தான். அந்தப் பெயர் அடியில் இருந்தால் அதற்கு முந்தியதாக இருக்க முடியாது. "டிஷ்வாஷர் சேஃப்" என்று அச்சிட்டிருந்தால் நூறு வருஷப் பேச்சையே விட்டுவிடலாம்.

முத்திரையே இல்லாவிட்டால் மிகப் பழையதா?

அப்படிச் சொல்ல முடியாது. புதிதாகச் செய்த மலிவுச் சரக்கிலும் முத்திரை இருக்காது. தேய்மானத்தைப் பாருங்கள். உண்மையில் புழங்கிய கோப்பையின் அடி வளையத்தில் நுண்ணிய உரசல் கோடுகள் பல திசைகளில் இருக்கும். மண்ணையும் டீத்தூளையும் தடவிப் பழசாக்கியிருந்தால் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே சீராக அப்பியிருக்கும், ஈரத்துணியால் துடைத்தாலே வந்துவிடும்.

பழுது இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

மூன்று சோதனைகள் போதும். ஒன்று, கோப்பையை உள்ளங்கையில் வைத்து விரல் நகத்தால் விளிம்பைச் சுண்டுங்கள். கணீரென்று ஒலித்தால் நல்லது, மொத்தென்று கேட்டால் எங்கோ கீறல் இருக்கலாம். இரண்டு, கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டுங்கள். கண்ணுக்குத் தப்பிய சில்லு விரலுக்குத் தப்பாது. மூன்று, செல்போன் டார்ச்சை டீ பாட்டுக்குள் காட்டுங்கள். மூக்கின் நுனியிலும் கைப்பிடி சேரும் இடத்திலும் நிறம் சற்று மாறியிருந்தால் ஒட்டுப்போட்டிருக்கிறார்கள் என்று பொருள்.

வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தும் பாருங்கள். போன் சைனா (எலும்புச் சாம்பல் கலந்து சுட்ட மெல்லிய பீங்கான்) என்றால் பின்னால் இருக்கும் உங்கள் விரலின் நிழல் தெரியும். ஜப்பான் கோப்பைகள் சிலவற்றில் அடியை வெயிலுக்கு நேரே பிடித்தால் ஒரு பெண்ணின் முகமே தெரியும். பீங்கானை ஓரிடத்தில் மெல்லிசாகவும் ஓரிடத்தில் தடிப்பாகவும் வார்த்து அந்த முகத்தைக் கொண்டுவந்திருப்பார்கள். அப்படிப்பட்ட கோப்பை கிடைத்தால் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளி செட் என்று காட்டினால்?

அடியில் "இ.பி.என்.எஸ்." என்ற எழுத்துகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால் அது வெள்ளி முலாம் மட்டுமே, உள்ளே இருப்பது வேறு உலோகம். எடை போட்டு வெள்ளி விலை கொடுத்துவிடாதீர்கள்.

இதில் டீ குடிக்கலாமா?

மிகவும் கவனம் வேண்டிய இடம் இது. பழைய பீங்கானின் மெருகிலும் வண்ணத்திலும் ஈயம், காட்மியம் போன்ற நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். சூடும் புளிப்பும் பட்டால் அவை கொஞ்சம் கொஞ்சமாகப் பானத்தில் இறங்கும். கண்ணால் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும்.

அதனால் உள்பக்கம் வண்ணம் தீட்டியவை, பூ தேய்ந்து உதிர்பவை, மெருகில் வலைபோல் கோடு விழுந்தவை, எனாமல் பெயர்ந்து இரும்பு தெரிபவை ஆகியவற்றை அலமாரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எலுமிச்சை டீ எந்தப் பழைய கோப்பையிலும் வேண்டாம். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இவற்றில் எதையும் கொடுக்காதீர்கள்.

எப்படிப் பராமரிப்பது?

மதுரைப் பக்கம் பல இடங்களில் நிலத்தடி நீர் உப்பு நீர். கழுவி அப்படியே காயவிட்டால் வெள்ளைப் படிவு கட்டும். நல்ல தண்ணீரில் அலசி உடனே துணியால் ஒற்றிவிடுங்கள். டீக்கறைக்குச் சமையல் சோடாவைக் குழைத்து மெதுவாகத் தேய்த்தால் போதும். கம்பி நாரும் பிளீச்சிங் பவுடரும் தங்க விளிம்பை அழித்துவிடும். அந்த விளிம்புள்ள கோப்பையை மைக்ரோவேவில் வைக்கவே கூடாது. கொதிக்கும் டீயை ஊற்றும் முன் வெந்நீரை ஊற்றிப் பாத்திரத்தைச் சூடாக்கிக்கொண்டால் விரிசல் விழாது.

வெளிநாட்டில் இருக்கும் மகளுக்கு அனுப்பலாமா?

கடைக்காரர் சொல்லும் நூறு வருஷம் உண்மையாக இருந்தால், அதுவே இங்கே சிக்கலாகும். நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினைப் பொருள் 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருளாகக் கருதப்படும். தனிநபர் அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. வயது குறைந்ததாக இருந்தாலும் பார்வைக்குப் பழசாகத் தெரிந்தால் சுங்கத்தில் நிறுத்தக்கூடும். "இது தொல்பொருள் அல்ல" என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே வாங்கிவிடுங்கள். கடையில் பொருளின் விவரம் எழுதிய பில்லும் கேட்டு வாங்குங்கள்.

காரைக்குடிக்குப் போகும் முன் உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள். கல்யாணப் பரிசாக வந்த பெங்கால் பாட்டரீஸ், குவாலியர் பாட்டரீஸ், ஹிட்காரி செட்டுகள் பல வீடுகளில் செய்தித்தாளில் சுற்றியபடி கிடக்கின்றன. நம் நாட்டுச் சரக்குதானே என்று அவற்றைப் பழைய சாமான்காரரிடம் உதிரி உதிரியாகப் போட்டுவிடாதீர்கள். யார், எந்த ஆண்டு, யாருக்குக் கொடுத்தது என்று ஒரு தாளில் எழுதி செட்டோடு சேர்த்து வையுங்கள். கடையில் வாங்கும் எந்தச் செட்டோடும் அந்தத் தகவல் வராது.