நிழலான ஹெலனும் நிலத்தோடு பெயர்ந்த சீதையும்

பேரழகி ஒருத்தியின் பொருட்டுப் பெரும்போர் மூண்ட கதையை யவனர்க்கு ஹோமர் பாடினார். நமக்கு வான்மீகியாரும் கம்பரும் பாடினர். போருக்குக் காரணம் ஆடவரின் ஆசையோ, அன்றி அவளது அழகோ? பின்வந்த புலவரை இவ்வினா பெரிதும் வருத்தியது. அவர் கண்ட விடைகளை ஒப்புநோக்குதல் மாணாக்கர்க்குப் பயன்தரும்.

துரோய் மதிலின்மேல் ஹெலன் வரக் கண்ட முதியோர், இவள் பொருட்டு நெடுநாள் துயருறுவது பழியன்று என்று வியக்கின்றனர். ஆயினும் இவள் கப்பலேறிப் போய்விடுவதே நன்று என்கின்றனர். முதுமன்னன் பிரியம் பழியைத் தேவர்மேற் சுமத்துகின்றான். ஹெலனோ தன்னைத் தானே கடிந்துகொள்கின்றாள். ஹோமர் தீட்டிய ஓவியம் இது. நாடகப் புலவர் எஸ்கிலஸ் அவள் பெயரின் ஒலியிலேயே அழிவு என்னும் பொருளைக் கேட்டார்.

கி.மு. 412இல் யூரிப்பிடிஸ் அப்பழியைத் துடைக்க முற்பட்டார். துரோய்க்குச் சென்றது தேவர் படைத்த மாயவுருவம். மெய்யான ஹெலன் எகிப்தில் கற்புக் காத்திருந்தாள் என்றார். பழி நீங்கியது, பத்தாண்டுப் போரோ ஒரு நிழலுக்காக நடந்ததாயிற்று. எகிப்தில் மனைவியைக் கண்ட மெனலாஸ் கண்ணெதிரே நிற்பவளை நம்பவில்லை. போர்க்களத்தில் தான் பட்ட துன்பத்தையே நம்புகின்றான். மாயவுருவம் வானில் மறைந்ததென்று ஏவலன் வந்து சொன்ன பின்னரே தெளிகின்றான்.

நம் நாட்டிலும் இத்தகைய முயற்சி நிகழ்ந்தது. இராவணன் சீதையைக் கூந்தலும் தொடையும் பற்றித் தூக்கினான் என்பது வான்மீகம். கம்பர் அதற்கு மனம் ஒவ்வாதவராய், அவன் பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்துச் சென்றான் என மாற்றினார். அத்யாத்ம இராமாயணம் மேலும் ஒருபடி சென்று, மெய்ச்சீதை தீயில் மறைந்திருக்க, இலங்கை சென்றவள் மாயாசீதை என்றது. யூரிப்பிடிஸ் கண்ட உபாயமே ஈண்டும் காணப்படுகின்றது.

கம்பர் அவ்வுபாயத்தைக் கொள்ளாமையே யான் போற்றுவது. அவர் காட்டும் அசோகவனத்தில் இருப்பவள் மெய்ச்சீதை. அவள் கண்ணீரும் மெய். தன் சொல்லே உலகனைத்தையும் எரிக்க வல்லதாயினும், அது இராமனது வில்லாற்றலுக்கு மாசாகும் என்று விடுத்ததாக அவள் அனுமனிடம் உரைக்கின்றாள். மாயாசீதை வாயில் இச்சொல்லை வைப்பின் அதற்கு உயிர் உண்டோ?

ஆயினும் கம்பர் காப்பியத்திலும் போர் முடிந்தபின் இராமன் சுடுசொல் உரைக்கின்றான், சீதை தீப்புகுகின்றாள். தீண்டாமற் காத்த கவியின் பரிவும் அவளை அத்தீயினின்று காக்கவில்லை. ஐயம் ஐயுறுவோன் நெஞ்சில் வாழ்வது. நிலத்தைப் பெயர்த்தாலும் அதனைப் பெயர்த்தல் அரிது.

ஊவா மாணாக்கர்க்கு இது தொலைதேசத்துக் கதையன்று. எல்லவிலிருந்து வெல்லவாய செல்லும் பாதையில் இராவணா எல்ல நீர்வீழ்ச்சி உள்ளது. அதனை அடுத்த குகையிற் சீதை மறைத்து வைக்கப்பட்டாள் என்பது இப்பகுதி வழக்கு. பதுளையைச் சூழ்ந்த தோட்டங்களிலிருந்து பயில வரும் மாணவியரின் அன்னையர் கொழுந்துக்கூடை சுமந்து மலையேறுவோர். ஒரு பெண்மேல் எழுந்த அவதூறு லயத்தில் எத்துணை விரைவில் வீடுதோறும் பரவும் என்பதை அம்மாணவியர் நன்கறிவர். அவள் பக்கத்து நியாயத்தை எவரேனும் கேட்டனரா என்பதும் அவர்க்குத் தெரியும்.

ஆதலின், புலவன் அழகியைப் புகழ்ந்தானா பழித்தானா என்று அளப்பதோடு ஒப்பாய்வு நிறைவுறாது. அவளைப் பேசவிட்டானா என்றும் நோக்குதல் வேண்டும். இலியட்டின் இறுதியில் எக்டரின் உடலருகே புலம்பும் மகளிர் மூவருள் கடைசியாகப் புலம்புபவள் ஹெலன். அந்த அயல்நாட்டில் தன்னை ஒருநாளும் கடுஞ்சொல்லாற் சுடாதவன் அவன் என்றே அவள் அழுகின்றாள். அவள் அழகை மறந்து அவள் நெஞ்சை நாம் காணும் இடம் அது.