ஒட்டவும் வேண்டும், கழற்றவும் வேண்டும்

வயிறு நிறைய முட்டை; வெளியே போகத்தான் வழியில்லை. கொஞ்ச நேரத்தில் முட்டைகள் தாயின் உடலுக்குள்ளேயே பொரிகின்றன. குஞ்சுகள் தாயை உள்ளிருந்தே தின்று, தோலை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு வெளியே வருகின்றன. சீனோரப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற நூற்புழுவை வளர்க்கும் ஆய்வகங்களுக்கு இது பழகிய காட்சி. ‘புழுப் பை’ என்பார்கள். பார்க்கச் சகிக்காதுதான். ஆனால் முட்டையிடும் துளை உருவாவதில் எங்கோ கோளாறு என்பதற்கு இதைவிடப் பளிச்சென்ற அடையாளம் கிடையாது. இப்படிப்பட்ட புழுக்களைத் தேடிப் பொறுக்கித்தான் வளர்ச்சி உயிரியலின் சில அடிப்படை விதிகளையே கண்டுபிடித்தார்கள்.

புழுவின் நீளம் 1 மில்லிமீட்டர். உடல் ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் உள்ளே செல்கள் பிரிவதை உயிரோடு பார்க்கலாம். முட்டையிலிருந்து அடுத்த முட்டை வரை மூன்று நாள் போதும். சிட்னி பிரென்னர் 1960-களில் கேம்பிரிட்ஜில் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு விளக்கமே தேவையில்லை. வளர்ந்த இருபாலிப் புழுவில், இனப்பெருக்கச் செல்களை விட்டுவிட்டால், 959 செல்கள். எந்தச் செல் எதிலிருந்து பிறந்தது என்ற முழு வம்சாவளியும் 1983-க்குள் தயாராகிவிட்டது. பிரென்னர், ஜான் சல்ஸ்டன், ராபர்ட் ஹார்விட்ஸ் மூவருக்கும் 2002-ல் நோபல் பரிசு கிடைத்தது.

1998-ல் இதன் மரபணுத் தொகுப்பையும் படித்து முடித்தார்கள். சுமார் 20,000 மரபணுக்கள். பட்டியல் கைக்கு வந்துவிட்டது, இனி எல்லாம் புரிந்துவிடும் என்ற நினைப்பு அன்று பலருக்கு இருந்தது. புரியவில்லை. மரபணு ஒரு புரதத்தைச் செய்து கொடுப்பதோடு கதை முடிவதில்லை. செய்த புரதத்தின்மேல் இன்னொரு குட்டிப் புரதம் வந்து ஒட்டிக்கொண்டு அதன் தலைவிதியையே மாற்றுகிறது.

இந்தக் குட்டிகளில் பிரபலமானது யுபிக்குயிட்டின். வெறும் 76 அமினோ அமிலங்கள். ஆக்கிரமிப்புக் கட்டடத்தின் சுவரில் நகராட்சிக்காரர்கள் சிவப்பு மையால் குறியிட்டுப் போவது போல, சங்கிலியாக இது ஒட்டப்பட்ட புரதம் பெரும்பாலும் சிதைக்கப்படும். இதைக் கண்டறிந்த ஆரன் சீக்கனோவர், அவ்ராம் ஹெர்ஷ்கோ, இர்வின் ரோஸ் ஆகியோர் 2004-ல் வேதியியல் நோபல் பெற்றார்கள். 1990-களின் நடுவில் இதே சாயலில் இன்னொரு குட்டி அகப்பட்டது. அதுதான் சுமோ. ஒட்டும் முறையும் ஏறக்குறைய அதேதான்: மூன்று வகை நொதிகள் கைமாற்றிக் கொண்டுவந்து, இலக்குப் புரதத்திலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்தின் மேல் பொருத்தும். வேலைதான் வேறு. சுமோ ஒட்டிய புரதம் பொதுவாக அழிவதில்லை. அது சேரும் கூட்டாளி மாறும், இருக்கும் இடம் மாறும், செய்யும் வேலை மாறும். ஒட்டியதை வெட்டி எடுக்கவும் தனி நொதிகள் உண்டு.

மனிதரில் சுமோவுக்குப் பல மரபணுக்கள். ஒன்றை நீக்கினால் மற்றொன்று ஈடுகட்டிவிடும், ஆராய்பவர் குழம்பிப்போவார். புழுவுக்கோ ஒரே ஒரு மரபணு, பெயர் எஸ்எம்ஓ-1. அதன் செயலைக் கருவிலேயே அடக்கிவிட்டால் கரு வளராமல் செத்துவிடும். ஆனால் நல்ல பிரதி ஒன்றும் கெட்ட பிரதி ஒன்றும் உள்ள தாய்க்குப் பிறந்து, இரண்டும் கெட்டதாகப் பெற்ற குஞ்சு பிழைத்து வளர்கிறது. தாய் முட்டைக்குள் வைத்துவிட்டுப்போன சுமோ அதுவரை தாங்குகிறது. இருப்புத் தீர்ந்த பிறகுதான் சேதம் வெளியே தெரியும்: மலட்டுத்தன்மை, உருக்குலைந்த இனப்பெருக்க உறுப்பு, பிதுங்கிய துளை.

துளை உருவாகும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். புழுவின் அடிவயிற்றில் ஆறு செல்கள் வரிசையாகக் காத்திருக்கின்றன. ஆறுக்கும் துளையாகும் தகுதி உண்டு. மேலே கருப்பையில் இருக்கும் ‘நங்கூர செல்’ ஒரு சமிக்ஞை அனுப்பும். அருகில் இருக்கும் மூன்று செல்கள் மட்டும் அதற்கு இணங்கிப் பிரிந்து 22 செல்களாகி, துளையைக் கட்டும். மற்ற மூன்றும் சும்மா இருக்க வேண்டும். அப்படிச் சும்மா இருக்கவைக்கும் புரதங்களில் ஒன்று லின்-1. அது ஒழுங்காகத் தடுக்க வேண்டுமானால் அதன்மேல் சுமோ ஒட்டியிருக்க வேண்டும் என்று 2005-ல் வந்த ஆய்வுகள் காட்டின. சுமோ குறைந்தால் தடுப்பு தளர்ந்து, வேண்டாத இடத்திலும் துளை முளைக்கப் பார்க்கும்.

துளை மட்டும் இருந்து பயனில்லை, கருப்பையோடு அது இணைய வேண்டும். இணைப்புக்குத் தேவையான செல்களை உருவாக்கும் லின்-11 என்ற புரதமும் சுமோவை எதிர்பார்க்கிறது என்று 2004-ல் லிமோர் ப்ரோடேயும் சகாக்களும் கண்டார்கள். சுமோ இல்லாத புழுவில் நங்கூர செல் அண்டைச் செல்களோடு கலக்காமல் வழியை மறித்து நின்றுவிடுகிறது. ஆக, ஓரிடத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லவும் பக்கத்திலேயே ‘கட்டு’ என்று சொல்லவும் ஒரே குட்டிப் புரதம்தான். பொருள் அதில் இல்லை. யார்மேல், எப்போது ஒட்டுகிறது என்பதில் இருக்கிறது.

இந்த ‘எப்போது’ எவ்வளவு கறாரானது என்பதற்கு நெட்8 என்ற மூன்றாவது குட்டியைப் பார்க்கலாம். கருவுற்றதும் முட்டை முதலில், குரோமோசோம்களைப் பாதியாக்கும் மியாசிஸ் பிரிவை முடிக்க வேண்டும். அதற்கு மெய்-1 என்ற புரதம் நுண்குழாய்களை நறுக்கி, குரோமோசோம்களைப் பிரித்து இழுக்கும் கதிர்க்கோலைச் சிறியதாக அமைக்க உதவும். அடுத்து வரும் முதல் செல் பிரிவுக்கோ பெரிய கதிர்க்கோல் வேண்டும். இடையில் அரை மணி நேரம்கூடக் கிடையாது. அதற்குள் மெய்-1 ஒழிந்தாக வேண்டும். மிஞ்சினால் கதிர்க்கோல் குட்டையாகி, கோணலாகி, கரு பாழாகிவிடும். அதைச் சிதைவுக்கு அனுப்பும் கல்-3 என்ற அமைப்பை நெட்8 ஒட்டித்தான் முடுக்க வேண்டும். வேடிக்கை என்னவென்றால், ஒட்டிய நெட்8-ஐக் கழற்ற முடியாத கருவிலும் மெய்-1 ஒழிவதில்லை. ஒட்டியும் கழற்றியும் சுழன்றால்தான் வேலை நடக்கும்.

மருந்துத் துறையும் இந்தக் குட்டிகள் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. யுபிக்குயிட்டின் குறியிட்ட புரதங்களைச் சிதைக்கும் இயந்திரத்தை நிறுத்தும் போர்ட்டிசோமிப், எலும்பு மஜ்ஜைப் புற்றுநோய்க்கு 2003 முதல் கைகொடுக்கிறது. நெட்8 ஒட்டுவதையே நிறுத்தும் பெவோனெடிஸ்டாட் மீது பெரிய நம்பிக்கை வைத்தார்கள். கடைசிக் கட்டச் சோதனையில் அது எதிர்பார்த்த இலக்கை எட்டவில்லை. ஒட்டுவதை ஒரேயடியாக நிறுத்துவதைவிட, எந்தப் புரதத்தில் எந்த நேரத்தில் என்று குறிவைப்பதுதான் கடினம், பயனும் அதில்தான் என்பது என் கணிப்பு. அந்தப் பட்டியலைச் செல் செல்லாக எழுதிப் பார்க்க இன்றைக்கும் இந்தப் புழுவைவிட மலிவான, வசதியான உயிர் வேறில்லை.